எட்டு கிலோமீட்டர் பொய்

காரில் இருக்கும் வேகமானி பொய் சொல்லும். பழுதாகிப்போன மீட்டரைச் சொல்லவில்லை. நேற்றுக் கடையிலிருந்து எடுத்து வந்த புதுக் காரில், எந்தக் கோளாறும் இல்லாத மீட்டர்கூட உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அதற்கு இடம் கொடுத்திருப்பதே சட்டம்தான். வாகனங்களுக்கான ஐ.நா. ஒழுங்குவிதிகளில் 39ஆவது விதி வேகமானியைப் பற்றியது. மீட்டர் காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைவாக இருக்கக்கூடாது என்கிறது அது. கூடுதலாக இருக்கலாம். உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு இன்னும் 4 கிலோமீட்டர், அதுவரைக்கும் பரவாயில்லை. அதாவது நீங்கள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் 114 என்று காட்டினாலும் அந்த மீட்டர் தேறிவிடும். 99 என்று காட்டினால் தோற்றுவிடும். இந்த விதிகளுக்கு அடிப்படையான 1958 ஒப்பந்தத்தில் மலேசியாவும் 2006இல் சேர்ந்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. 14 தவறினால் நல்ல மீட்டர், 1 தவறினால் கெட்ட மீட்டர். தவறு எவ்வளவு என்பதைவிட எந்தப் பக்கம் என்பதுதான் கணக்கு. யோசித்துப் பார்த்தால் இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கார் தன் வேகத்தை நேராக அறிவதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று பெருக்கிச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு சுற்றின் தூரமோ நிலையாக இருப்பதில்லை. புது டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழம் வரி இருக்கும். அது தேயத்தேய டயரின் சுற்றளவு குறையும். காற்று குறைந்தாலும் மாறும், பின்சீட்டில் மூன்று பேர் ஏறினாலும் மாறும். நீங்கள் நாளைக்கு எந்த டயர் கடையில் என்ன டயர் போடுவீர்கள் என்பது கார் செய்கிறவனுக்குத் தெரியாது. தெரியாத அத்தனைக்கும் சேர்த்து, குறைத்து மட்டும் காட்டக்கூடாது என்றால், அவன் முன்கூட்டியே கொஞ்சம் ஏற்றி வைத்துத்தான் ஆக வேண்டும்.

இதைக் கொசுறு என்று சொல்லலாமா? சந்தையில் காய்கறி நிறுக்கும் பாட்டி தராசு நம் பக்கம் தாழ்ந்த பிறகும் ரெண்டு பச்சைமிளகாயைச் சேர்த்துப் போடுவார். குறைந்துவிட்டது என்ற பேச்சு வரக்கூடாது, அதற்காக. அந்தத் தராசை யாரும் கள்ளத் தராசு என்று சொல்வதில்லை.

ஆனால் பாட்டி நம் கண்முன்னால் போடுகிறார். மீட்டர் அப்படிச் செய்வதில்லை. ‘சுமார் 110’ என்று அதற்குச் சொல்லத் தெரியாது. 110 என்றுதான் சொல்லும்.

பழைய மீட்டர்கள் மேல் எனக்கு இந்த விஷயத்தில் ஒரு கரிசனம் உண்டு. 1902இல் ஓட்டோ ஷூல்ஸ என்ற ஜெர்மானியர் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. சக்கரத்தோடு சேர்ந்து ஒரு காந்தம் சுழலும். அதைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. ஆனாலும் காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் உண்டாகும் மின்சுழல் அதையும் கூடவே இழுக்கப் பார்க்கும், மெல்லிய ஒரு சுருள்வில் பிடித்து நிறுத்தும். இந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். வில் தளர்ந்தால் தவறும், காந்தம் வலுவிழந்தால் தவறும். அந்த மீட்டருக்கு உண்மை தெரியாது, தெரிந்த அளவுக்குச் சொல்லியது. இன்றைய கார்கள் வேறு. சக்கரத்தின் சுழற்சியை உணரிகள் எண்ணுகின்றன, கணினி கணக்குப் போடுகிறது. போமன் தன் கருவியைச் செருகிப் பார்த்தால், பல கார்களில் கணினிக்குள் இருக்கும் வேகம் முள் காட்டுவதைவிட உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். அதாவது காருக்கு ஒன்று தெரியும், நம்மிடம் சொல்வது வேறொன்று. தெரிந்தே சொல்வதால்தான் இதைப் ‘பிழை’ என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நல்லதுக்குச் சொல்லும் பொய் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு வள்ளுவர் ஞாபகம் வந்துவிடும். வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறள், பொய்க்கும் வாய்மையின் இடத்தைக் கொடுக்கிறது. கல்யாணத் தரகர் முதல் காப்புறுதி ஏஜெண்ட் வரை அதைக் கைவசம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் குறள் வெறும் நன்மையைக் கேட்கவில்லை, குற்றம் தீர்ந்த நன்மையைக் கேட்கிறது. அந்த நிபந்தனையைத்தான் எல்லாரும் வழியில் தவறவிட்டுவிடுகிறார்கள். எதிர்முனையில் கான்ட் நிற்கிறார். கொலைகாரன் வாசலில் வந்து உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லாதே என்று 1797இல் ஒரு கட்டுரையே எழுதிய மனிதர். இரண்டு பேருமே நம் மீட்டருக்கு அவ்வளவாக உதவ மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் பேசுவது ஒருவர் இன்னொருவரிடம் ஒரு தருணத்தில் சொல்லும் பொய்யை. இதுவோ தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பிய பொய். ராத்திரி பகலாக, கோடிக்கணக்கான பேரிடம் ஒரே நேரத்தில் சொல்லப்படுவது.

1978இல் பொய்யைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதிய சிஸ்ஸெலா போக் ஒரு சோதனை வைக்கிறார். நீ சொல்லும் பொய்யை ஊரறிய, அதற்கு ஆளாகிறவர்கள் முன்னிலையிலும் வைத்து நியாயப்படுத்த முடியுமா? வேகமானி இதில் தேறிவிடும் போலத்தான் தெரிகிறது. விதி அச்சிடப்பட்டிருக்கிறது, யாரும் படிக்கலாம். இங்கேதான் எனக்குச் சிக்கல் ஆரம்பிக்கிறது. எல்லாரும் படித்துவிட்டால் அந்தப் பொய் வேலை செய்யாது. யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அது திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர்க்கடிகாரத்தின் கதை இதேதான். அம்மா அதைப் பத்து நிமிடம் முந்தி வைத்திருந்தார். தமிழ்ப்பள்ளி பஸ் ஆறே முக்காலுக்கு வரும். கடிகாரம் ஆறு நாற்பது காட்டும்போது நாங்கள் அலறியடித்துக்கொண்டு செருப்பு மாட்டுவோம். நான்காம் ஆண்டு படிக்கும்போது எனக்கு விஷயம் பிடிபட்டது. அதன்பிறகு ஆறு நாற்பதைப் பார்த்ததும் மனதுக்குள் ஆறரை என்று மாற்றிக்கொண்டு இன்னும் ஒரு வாய் தோசை சாப்பிடுவேன். அம்மா சும்மா இருப்பாரா? பதினைந்து நிமிடமாக்கினார். நான் பதினைந்தைக் கழித்தேன். ஒருகட்டத்தில் வீட்டில் சரியான மணி யாருக்கும் தெரியாது, கழித்தல் கணக்கு மட்டும் எல்லாருக்கும் தெரியும். விருந்தாளிகள் மட்டும்தான் அந்தக் கடிகாரத்தை நம்பி ஏமாந்தார்கள். நம் கல்யாண விருந்து அழைப்பிதழில் ஏழு மணி என்று போடுவதும் எட்டரைக்கு மேசைகள் நிறைவதும் இதே கணக்குதான். ஏழு மணிக்குச் சரியாகப் போய் உட்கார்ந்திருக்கிற மனிதர் மட்டும் அதற்கு விலை கொடுப்பார்.

ரோட்டிலும் விலை கொடுப்பது நம்புகிறவர்தான். நெடுஞ்சாலையில் வேக வரம்பு 110. முள்ளை 110இல் வைத்து யோக்கியமாகப் போகிறவர் உண்மையில் 102இல் போய்க்கொண்டிருக்கலாம். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஏறக்குறைய 330 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இடையில் எங்கும் நிற்காமல் போனாலும் கால் மணி நேரம் அவருக்குப் போச்சு. பின்னால் வருகிறவர் விளக்கடித்துத் திட்டுவது தனி. நம்பாதவரிடமோ சாப்பாட்டுக்கடை மேசையில் பிறந்த ஒரு சூத்திரம் இருக்கிறது. “மீட்டர்ல பத்து சேத்துத்தான் காட்டும் லா.” இதோடு நிற்காது. “கேமரா எப்படியும் பத்து வரைக்கும் விட்டுரும்.” ரெண்டையும் கூட்டினால் 130. இதைச் சொல்கிறவர் தன் காரை அளந்து பார்த்திருக்க மாட்டார். அவருக்குச் சொன்னவரும் அளந்திருக்க மாட்டார். பொய்க்கு எதிராக அவர்கள் வைத்திருப்பது உண்மையை அல்ல, இன்னொரு வதந்தியை.

இதெல்லாம் எனக்கு வெறும் சிந்தனைப் பயிற்சியாக இருந்திருக்கும், காரைத் தம்பிக்குக் கொடுக்கிற நாள் வராமல் இருந்திருந்தால்.

அவனுக்குப் பத்தொன்பது வயது. கண்ணாடியில் ‘பி’ ஒட்டி நாலு மாதம்தான் ஆகிறது. தஞ்சோங் மாலிமில் படிக்கிறான், சுங்கை சிப்புட்டில் வீடு. இனி வாராவாரம் அந்தத் தூரத்தை என் பழைய காரில் ஓட்டப்போகிறான். அந்தக் காரின் மீட்டர் கூட்டிக் காட்டுகிறது என்பது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். கைப்பேசியின் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டால் நெடுஞ்சாலையில் எட்டு வித்தியாசம். இதை அவனிடம் சொல்லணுமா வேண்டாமா?

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. “சொல்லித் தொலைக்காத. தெரிஞ்சா இன்னும் எட்டு சேத்து அழுத்துவான்.”

“பொய்யான நம்பர நம்பி ஓட்டட்டும்ங்கிறீங்களாம்மா?”

“மெதுவா ஓட்டுறதுக்கு எந்த நம்பரா இருந்தா என்ன? கடிகாரத்த முந்தி வைக்கலன்னா நீங்க ரெண்டு பேரும் ஒரு நாளாச்சும் பஸ்ஸப் பிடிச்சிருப்பீங்களா?”

அம்மாவின் வாதம் லேசானதல்ல. பிரேக் பிடித்தபின் கார் ஓடி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 110க்குப் பதில் 120இல் போனால் வேகம் கூடுவது ஒன்பது சதவீதம், அந்தத் தூரம் கூடுவதோ பத்தொன்பது சதவீதம். எட்டு கிலோமீட்டர் பொய் ஒரு மழைநாளில் அவனைக் காப்பாற்றலாம். உண்மையைச் சொன்ன நிம்மதி எனக்கு, அதன் ஆபத்து அவனுக்கு. இப்படி ஒரு நேர்மை யாருக்கு வேணும் என்று அம்மா கேட்டால் என்னிடம் சட்டென்று பதில் இல்லை.

ஆனால் சொல்லாமல் விடுவதில் இன்னொன்று இருக்கிறது. மீட்டரைப் பொருத்தியவனுக்கு என் தம்பியைத் தெரியாது. முகம் தெரியாத கோடிப் பேருக்காக அவன் பாதுகாப்பான பக்கமாகச் சாய்ந்துகொண்டான், அதில் யாருக்கும் அவமதிப்பு இல்லை. எனக்கு இவனைத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் விட்டால், இவனிடம் உண்மையைக் கொடுக்க முடியாது என்று நான் முடிவு செய்துவிட்டேன் என்று அர்த்தம். அதே ஆளிடம் ஒரு டன் எடையுள்ள இரும்பைக் கொடுத்து ரோட்டில் விடவும் செய்கிறேன். ரெண்டும் எப்படிப் பொருந்தும்? சாவியை நம்பிக் கொடுக்கலாம், ஓர் எண்ணை நம்பிக் கொடுக்க முடியாதா? அதோடு, அவன் சாப்பாட்டுக்கடை சூத்திரத்தை எப்படியும் ஒருநாள் கேட்கத்தான் போகிறான். நான் சொல்லாவிட்டால் எட்டு அவனுக்குப் பத்தாகத்தான் வந்து சேரும்.

அதனால் சொல்லவில்லை, அளக்க வைத்தேன். சுங்காய் தாண்டிச் சிலிம் ரிவர் வரை சாலை பெரும்பாலும் சமமாகப் போகும், ரெண்டு பக்கமும் செம்பனை. ஞாயிறு காலையில் கூட்டம் இல்லை. நான் முள்ளை 110இல் பிடித்து வைத்துக்கொண்டேன். அவன் ஓரத்துக் கிலோமீட்டர் பலகைகளைப் பார்த்து, சரியாகப் பத்துக் கிலோமீட்டருக்குக் கைப்பேசியில் நேரம் எடுத்தான். உண்மையாகவே 110 என்றால் 5 நிமிடம் 27 விநாடி ஆக வேண்டும். 5 நிமிடம் 53 விநாடி ஆனது. அவனே கணக்குப் போட்டான். 102.

“அப்போ முள்ளு 118 வரைக்கும் போலாமாக்கா?”

அம்மா ஜெயித்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினேன். பிறகு யோசித்தால், அவன் கேட்டதில் என்ன தப்பு? சட்டம் அவனுக்கு 110 கொடுத்திருக்கிறது, அதில் எட்டை யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள், அதைக் கேட்கிறான். நல்ல காய்ந்த ரோடு, நல்ல டயர், பகல் வெளிச்சம் என்றால் அவன் கேட்பது நியாயம்தான். “போலாம்டா” என்றேன். அவனே எதிர்பார்க்கவில்லை.

மத்தியானம் வீட்டுக்குத் திரும்பியதும் தாமானுக்குள் ஆளில்லாத ரோட்டில் மிச்சத்தை அளந்தோம், இந்த முறை ஜிபிஎஸ்ஸில். முள் 60 காட்டும்போது உண்மை 56. முள் 30 காட்டும்போது 28. அவன் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தான்.

“ரெண்டுதானா?”

ரெண்டுதான். பொய் வேகத்தோடு சேர்ந்து வளர்கிறது, வேகத்தோடு சேர்ந்து சுருங்குகிறது. பள்ளிக்கூட வாசலில் பலகை 30 என்கிறது. ‘எப்படியும் பத்து கூட’ என்று நம்புகிறவர் அங்கே முள்ளை 40இல் வைத்துக்கொண்டு தான் 30இல் போவதாக நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் 37. பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஒன்றரை மடங்கு. நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட சரியாக இருந்த அதே சூத்திரம், பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிற இடத்தில்தான் மிக மோசமாகத் தவறுகிறது. சாப்பாட்டுக்கடை மேசையில் இதை யாரும் சொல்வதில்லை. ‘மீட்டர் பொய் சொல்லும்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாதி உண்மையைத் தெரிந்துகொண்டவர், ஒன்றும் தெரியாமல் முள்ளை நம்பிப் போகிறவரைவிட ஆபத்தானவர் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இடத்தில் மட்டும் நான் அம்மாவின் கட்சி. ஒன்று முழுசாகச் சொல்லணும், இல்லையென்றால் கடிகாரம் முந்தியே இருக்கட்டும்.

தம்பி அந்த மூன்று எண்களையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஸ்டேரிங்குக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டான். தேதியும் போடச் சொன்னேன். எதுக்குத் தேதி என்றான். அவனுக்குப் பெரிய ரிம் போடும் ஆசை உண்டு. இப்போது இருப்பது 175/65, 14 அங்குல ரிம். அவன் கண் வைத்திருப்பது 195/60, 15 அங்குலம். நாங்கள் அளந்தபோது டயர் வரியில் ரெண்டு மில்லிமீட்டர்தான் மிச்சம். அந்தத் தேய்ந்த டயரோடு ஒப்பிட்டால் அவன் ஆசைப்படும் புது டயர் ஏறக்குறைய ஏழரை சதவீதம் பெரியது. அதைப் போட்டால் முள் 110 காட்டும்போது உண்மையும் கிட்டத்தட்ட 110 ஆகிவிடும். மீட்டர் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மை பேசும். தாளில் உள்ள எட்டைக் கழித்துக்கொண்டு இவன் 118இல் போய்க்கொண்டிருப்பான். அதற்கும் பெரிதாகப் போட்டால் முள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கும். எந்த ஒன்று நடக்கக்கூடாது என்று அந்த 39ஆவது விதி எழுதப்பட்டதோ, அதை ஒரு மத்தியானத்தில் டயர் கடையில் காசு கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

ரிம் ஆசையை விட்டானா என்று தெரியாது. பணம் இல்லை என்பது மட்டும் தெரியும். தனியாக ஓட்டும்போது முள்ளை எங்கே வைத்திருக்கிறான் என்பதும் எனக்குத் தெரியாது. இதுவரை சம்மன் எதுவும் வீட்டுக்கு வரவில்லை, அது ஒன்றையும் நிரூபிக்காது. அம்மா இன்னமும் என்னோடு ஒத்துக்கொள்ளவில்லை. அவன் வெள்ளிக்கிழமை கிளம்பினால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கூடத்துக் கடிகாரம் இப்போதும் பதினைந்து நிமிடம் முந்தியிருப்பதால் அவன் எப்போதும் தாமதமாகத்தான் வருகிறான்.

போன வாரம் டயர் மாற்றினான். அதே பழைய அளவு, நான்கும் புதுசு. தேய்மானம் போனதால் எட்டு இப்போது ஆறாகியிருக்க வேண்டும். நான் ஞாபகப்படுத்துவதற்கு முன்னால் அவனிடமிருந்தே வாட்ஸப் வந்தது. “அக்கா, டயர் மாத்தியாச்சு. தாளக் கிழிச்சிட்டேன். இன்னும் அளக்கல, இந்த வாரம் முள்ளு என்ன சொல்லுதோ அதான்.”